கடல் பாலூட்டி ஆய்வில் பயிற்சி: நம் பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

ஈப்போ: சிலிபினில் நின்றால் கடல் தெரியாது. சுண்ணாம்புக் குன்றுகளும் பழைய ஈய லம்பங்களும் தெரியும். சற்றுத் தள்ளிப் போனால் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்கள் இருக்கும். ஆனால் வடக்கே தைப்பிங் சென்று, அங்கிருந்து கோலா செப்பெத்தாங் போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அங்குள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் முன்னால் விரியும் கடலில் மூன்று வகைக் கடல் பாலூட்டிகள் வாழ்கின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வுகள் அனைத்துலக அறிவியல் இதழ்களில் வெளிவந்துள்ளன. பேராக்கில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது.

“பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய்?” என்ற கேள்விக்கு மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர், ஆசிரியர் என்ற நான்கு பதில்களே நம் வீடுகளில் வழக்கம். கடல் உயிரியல் என்று ஒரு பிள்ளை சொன்னால், “அதைப் படித்து எங்கே வேலை?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இத்துறையில் பயிற்சி மாணவராகச் சேர்வது எப்படி, என்ன வேலை செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும், எதில் ஏமாறக்கூடாது, கடைசியில் வேலை கிடைக்குமா என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கடல் பாலூட்டி என்றால் என்ன?

திமிங்கிலம், ஓங்கில் எனப்படும் டால்பின், கடற்பன்றி, கடற்பசு ஆகியவை மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சு விடுபவை. குட்டி ஈன்று பால் கொடுப்பவை. மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அதனால்தான் வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்துவிடுகின்றன.

மாத்தாங் கடலில் காணப்படும் மூன்றில் முதலாவது ஐராவதி டால்பின். மூக்கு நீளாமல் தலை உருண்டையாக இருக்கும். கூச்ச சுபாவம் கொண்டது, அதிகம் துள்ளாது. 1852-ஆம் ஆண்டு விசாகப்பட்டினத்தில் கிடைத்த ஒரு மாதிரியை வைத்து, 1866-இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய அறிஞர் இதை முதன்முதலில் விவரித்தார். இரண்டாவது, இந்தோ-பசிபிக் கூன்முதுகு டால்பின். குட்டியாக இருக்கும்போது சாம்பல் நிறம். வளர வளர இளஞ்சிவப்பாக மாறும். மூன்றாவது, முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி. இதைக் கடலில் கண்டுபிடிப்பது கடினம்.

அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் ஐராவதி டால்பினை ‘அருகிவரும் இனம்’ என்றும், மற்ற இரண்டையும் ‘பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம்’ என்றும் வகைப்படுத்தியுள்ளது. மாத்தாங் சதுப்புநிலமும் அதையொட்டிய கடலும் உலகின் முக்கியக் கடல் பாலூட்டிப் பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காட்டைக் கரிச்சூளைக்காகவும் கிராங் சிப்பிக்காகவும் அறிந்தவர்கள், அது டால்பின்களின் வீட்டு வாசல் என்பதையும் அறிய வேண்டும்.

மலேசியாவில் யார் இந்த ஆய்வைச் செய்கிறார்கள்?

கடல் பாலூட்டிகளுக்கென்றே மலேசியாவில் தொடங்கப்பட்ட அரசு சாரா அமைப்பு மேர்செட். 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம் என்ற கடல் பாலூட்டி ஆய்வாளர். லங்காவியைச் சுற்றியுள்ள கடலில் டால்பின்கள், ஜொகூர் கிழக்குக் கரையில் மெர்சிங்கை அடுத்த தீவுகளில் கடற்பசுக்கள், பேராக்கில் மாத்தாங் கடலோரம் ஆகியவை இவ்வமைப்பின் முக்கிய ஆய்வுக் களங்கள். மாத்தாங்கில் படகில் சென்று முறைப்படி கணக்கெடுத்த பிறகே, அங்கு ஐராவதி டால்பின்கள் நூற்றுக்கணக்கில் வாழ்கின்றன என்பது எண்ணிக்கையோடு தெரியவந்தது.

பல்கலைக்கழகங்களில், கடல் சார்ந்த கல்விக்குப் பெயர்பெற்ற மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம், போர்னியோ கடல் ஆய்வுக் கழகத்தைக் கொண்ட மலேசிய சபா பல்கலைக்கழகம், பினாங்கு தெலுக் பஹாங்கை அடுத்து கடல், கடலோர ஆய்வு மையம் வைத்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கிளந்தான் பாச்சோக்கில் ஆய்வு நிலையம் வைத்துள்ள மலாயா பல்கலைக்கழகம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அரசுத் தரப்பில் மீன்வளத் துறையும் அதன் ஆய்வுக் கழகமும் உள்ளன. தீபகற்ப மலேசியாவில் டால்பின், திமிங்கிலம், கடற்பசு ஆகியவை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

பயிற்சி மாணவர் உண்மையில் என்ன செய்வார்?

டால்பினோடு நீந்தும் படங்களைப் பார்த்துவிட்டு இத்துறைக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாற்றம் அடைவார்கள். பயிற்சியின் பெரும் பகுதி கணினி முன்னால்தான் கழியும்.

கடலுக்குப் போகும் நாளில் வேலை விடியற்காலையில் தொடங்கும். பால் வெட்டப் போன தாத்தா பாட்டி எழுந்த நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். படகு, முன்கூட்டியே வரைந்த நேர்கோட்டுப் பாதையில் மெதுவாகச் செல்லும். ஆளுக்கொரு திசை பிரித்துக் கொடுக்கப்படும். வெறுங்கண்ணாலும் தொலைநோக்கியாலும் மணிக்கணக்கில் நீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றும் அலையும் எவ்வளவு என்பதைப் போஃபர்ட் அளவுகோலில் குறிக்க வேண்டும். அளவு 3 அல்லது 4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கணக்கெடுப்பு நிறுத்தப்படும். அலை நுரையில் டால்பினின் முதுகு தெரியாது.

டால்பின் தென்பட்டால் நேரம், ஜிபிஎஸ் இடக்குறி, தூரம், கோணம், கூட்டத்தில் எத்தனை, குட்டி உண்டா, என்ன செய்கின்றன, அருகில் மீன்பிடிப் படகு உண்டா எனப் பலவற்றைப் படிவத்தில் எழுத வேண்டும். ஒன்றுமே தென்படாத நாளும் பதிவாக வேண்டும். “இல்லை” என்ற பதிவு இல்லாமல் “இருக்கிறது” என்ற பதிவுக்குப் பொருளில்லை. இந்தத் தூரக் கணக்கிலிருந்துதான், கண்ணில் படாதவற்றையும் சேர்த்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று புள்ளியியல் முறையில் மதிப்பிடுகிறார்கள்.

அடுத்த வேலை படங்களால் அடையாளம் காண்பது. டால்பினின் முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டு, கிழிசல், தழும்பு ஆகியவை மனிதரின் கைரேகையைப் போன்றவை. 1970-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் ஓர்கா திமிங்கிலங்களை இப்படித் தனித்தனியாக அடையாளம் கண்டு காட்டினார். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது. தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோல் பார்த்து இன்று யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்ததைப் போன்றதே இது. எந்த டால்பின் எந்த ஆண்டு எங்கே காணப்பட்டது, எது குட்டி ஈன்றது, எது காணாமல் போனது என்று இந்தப் பட்டியல் சொல்லும். ஒரு நாளில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைத் தேர்ந்து, வெட்டி, ஏற்கெனவே உள்ள படங்களோடு ஒப்பிடுவது பெரும்பாலும் பயிற்சி மாணவர்களின் பொறுப்பு.

இவை தவிர, நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்து டால்பின்களின் ஒலியைப் பதிவு செய்வது, மீனவர்களைச் சந்தித்துப் பேட்டி எடுப்பது, பள்ளிகளில் விழிப்புணர்வு நடத்துவது, செத்துக் கரை ஒதுங்கிய உடலை அளந்து மாதிரி எடுக்க உதவுவது ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்ன வேலைக்கு நாற்றம் தாங்கும் மூக்கும் மனமும் வேண்டும்.

கடிதம் எழுதியே இடம் பிடித்தவர்

இத்துறையில் பயிற்சி இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இலங்கையின் அஷா டி வோஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்த அவர், களப்பணிக்குப் பணம் சேர்க்க நியூசிலாந்தில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்தவர். திமிங்கில ஆய்வுக் கப்பலான ஒடிசி இலங்கைப் பக்கம் வரப்போவதாக அறிந்ததும், தன்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாலத்தீவில் ஏறிக்கொள்ள அனுமதி கிடைத்தது. குறுகிய காலத்துக்கென்று ஏறியவர், வேலையைப் பார்த்துப் பல மாதங்கள் தங்கவைக்கப்பட்டார்.

அந்தப் பயணத்தின்போது 2003-இல் இலங்கைக்கு அருகே நீலத் திமிங்கிலங்களையும் அவற்றின் கழிவு நீரில் மிதப்பதையும் கண்டார். குளிர்க்கடலுக்குப் போய் உண்பவை என்று கருதப்பட்ட திமிங்கிலங்கள் வெப்பமண்டலக் கடலிலேயே உண்கின்றன என்பதற்கு அது தடயம். அதுவே அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று. பின்னர் கடல் பாலூட்டி ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் ஆனார்; ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பை நிறுவினார். வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தகவல் சேகரித்துக்கொண்டு போய்விடும் போக்கை அவர் தொடர்ந்து கண்டித்து வருகிறார். கடல் எந்த நாட்டுக் கரையில் இருக்கிறதோ அந்த நாட்டுப் பிள்ளைகளே அதை ஆராயும் நிலைக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். மாத்தாங் விஷயத்தில் பேராக் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

தமிழ் தெரிந்த மாணவருக்குப் பாக் நீரிணை ஒரு தனிக் களம். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசு 13 முதல் 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும்; அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே வலையில் ஒன்று செத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் பிடிக்கும்.

அங்கே டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவர்களையே தன்னார்வக் கண்காணிப்பாளர்களாக்கி, மீனவர் பிள்ளைகளுக்குக் கடற்பசு பெயரால் கல்வி உதவித்தொகையும் வழங்கியது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் தருகிறது. மதுரையைச் சேர்ந்த குமரன் சதாசிவம் 2004-இல் வெளியிட்ட இந்தியக் கடல் பாலூட்டிகள் பற்றிய ஆங்கில நூல், இத்துறைக்கு வரும் இந்திய மாணவர்களுக்குக் கைநூலாக உள்ளது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியில் இல்லாதவரும் பொறுமையாகப் பதிவுகளைச் சேர்த்தால் இத்துறைக்குப் பங்காற்றலாம் என்பதற்கு அவர் சான்று.

படிப்புப் பாதை

எஸ்பிஎம்மில் அறிவியல் பாடங்கள் எடுத்திருப்பது நல்லது. உயிரியலும் கணிதமும் மிக முக்கியம். பின்னர் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது அசாசி வழியாகக் கடல் உயிரியல், கடல் அறிவியல், விலங்கியல், உயிரியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றில் சேரலாம். கடல் உயிரியல் கிடைக்கவில்லையே என்று மனம் உடைய வேண்டியதில்லை. கணினி, புள்ளியியல், புவியியல் தகவல் முறை படித்தவர்களும் இத்துறைக்குத் தேவை.

பெரும்பாலான அறிவியல் பட்டப்படிப்புகளில் ‘லத்திஹான் இண்டஸ்திரி’ எனப்படும் தொழில் பயிற்சி கட்டாயம். அந்தச் சில மாதங்களே நுழைவாயில். கடைசி நேரத்தில் தேடினால் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு முன்பே விசாரிக்கத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் செய்து வைக்கக்கூடியவை மூன்று. முதலாவது நீச்சல். தோட்டத்திலும் தாமானிலும் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. எந்த வயதிலும் கற்கலாம். இரண்டாவது மொழி. கட்டுரை படிக்க ஆங்கிலம், மீனவர்களோடு பேச மலாய் வேண்டும். கோலா செப்பெத்தாங்கில் ஹொக்கியன் தெரிந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது அனுபவம். மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் ரெடாங் தீவில் நடத்தும் கடலாமைத் தன்னார்வத் திட்டம் போன்றவற்றில் ஒரு வாரம் இருந்தால்கூட, களப்பணி தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

செலவு யார் தருவார்?

நம் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய தடை. பாதுகாப்பு அமைப்புகள் நன்கொடையிலும் ஆய்வு நிதியிலும் இயங்குகின்றன. சில இடங்களில் சிறு உதவித்தொகை கிடைக்கும். சில இடங்களில் தங்கும் இடமும் சாப்பாடும் மட்டும். சில இடங்களில் எதுவும் இல்லை. பகுதிநேர வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவர், மூன்று மாதம் வருமானமின்றி லங்காவியில் இருப்பது எளிதல்ல. திறமை குறைவால் அல்ல, இந்தக் கணக்கு ஒத்துவராததாலேயே பலர் விலகிவிடுகிறார்கள்.

எனவே விண்ணப்பிக்கும்போதே உதவித்தொகை, தங்குமிடம், பயணச் செலவு, காப்புறுதி ஆகியவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல. பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவிலும் உதவி உண்டா என்று விசாரிக்கலாம். வெளியூரில் தங்க முடியாதவர்கள், படங்களை ஒப்பிடுவது போன்ற கணினி வேலையை வீட்டிலிருந்து செய்யலாமா என்றும் கேட்கலாம்.

பணம் கட்டிச் சேரும் தன்னார்வத் திட்டங்களும் உலகெங்கும் உண்டு. அவற்றில் உண்மையான ஆய்வுக்கு நிதி திரட்டுபவையும் உள்ளன. சுற்றுலாவை ஆய்வு என்று பெயர் மாற்றி விற்பவையும் உள்ளன. பிரித்தறியச் சில கேள்விகள்:

• திட்டத்தை வழிநடத்தும் ஆய்வாளர் யார்? அவர் பெயரில் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளனவா?
• உரிய அரசுத் துறையின் ஆய்வு அனுமதி உள்ளதா?
• சேகரிக்கும் தகவல் எங்கே போகிறது?
• விலங்கைத் தொடலாம், கூட நீந்தலாம், உணவு ஊட்டலாம் என்று விளம்பரம் செய்கிறார்களா? செய்தால் விலகிவிடுவது நல்லது.
• படகில் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? காப்புறுதி உண்டா?
• பெண் பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடம் உண்டா? புகார் சொல்ல யாரை அணுகுவது?

கடைசி இரண்டு கேள்விகளையும் பெற்றோரே தொலைபேசியில் கேட்கலாம். நல்ல அமைப்பு தயங்காமல் பதில் சொல்லும்.

விண்ணப்பக் கடிதம்

“எனக்குச் சிறு வயது முதல் டால்பின் பிடிக்கும்” என்று தொடங்கும் கடிதங்கள் இத்துறையினருக்கு நிறைய வரும். அந்த அமைப்பின் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் எந்தப் பகுதியில் தன்னால் உதவ முடியும் என்று எழுதுவது மேல். எக்செல், ஆர் போன்ற மென்பொருள்கள், படகு ஓட்டுதல், புகைப்படம், மீன்பிடிக் குடும்பப் பின்னணி, பேசத் தெரிந்த மொழிகள் அனைத்தையும் குறிப்பிட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக மீண்டும் எழுதலாம்.

வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொன்னால், கடல் பாலூட்டி ஆய்வாளர் என்ற பதவிகள் மலேசியாவில் மிகச் சில. பயிற்சி பெறும் பத்துப் பேரும் அதில் அமர முடியாது. முதுகலை, முனைவர் பட்டம் வரை படிக்கும் பொறுமையும் வேண்டும். ஆனால் அங்கே கற்கும் திறன்களுக்குப் பல கதவுகள் உண்டு. மீன்வளத் துறை, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு நிறுவனங்கள், கடல் பூங்கா நிர்வாகம், வரைபடத் தொழில்நுட்பம், தரவுப் பகுப்பாய்வு, அறிவியல் ஆசிரியப் பணி ஆகியவை அவற்றில் சில. கடலை நிரப்பித் திட்டங்கள் கட்டும் நாட்டில், கடலில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கத் தெரிந்தவருக்குத் தேவை குறையப் போவதில்லை.

கணக்கெடுப்பு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் யாங்சி ஆற்று டால்பின் பாடம். 2006-இல் ஆறு முழுவதும் பல வாரங்கள் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் அவ்வினம் ஏறக்குறைய அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

கரையில் கண்டால் என்ன செய்வது?

பயிற்சிக்குப் போகாதவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். கோலா செப்பெத்தாங், பங்கோர், லூமுட் பக்கம் குடும்பத்தோடு செல்லும்போது உயிருள்ள டால்பின் கரை ஒதுங்கியிருந்தால், உடனே கடலுக்குள் தள்ளக்கூடாது. வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்கக்கூடாது. வயிறு கீழே இருக்குமாறு நிமிர்த்தி, ஈரத் துணி போர்த்தி, நிழல் கொடுக்க வேண்டும். தலை உச்சியில் உள்ள மூச்சுத் துளையில் நீரோ மணலோ புகக்கூடாது. கூட்டத்தையும் நாய்களையும் தள்ளி நிறுத்தி, மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் தமிழ்நாட்டின் திருச்செந்தூர்க் கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, மீனவர்கள் கடலுக்குள் கொண்டுபோய் விட்டவற்றில் சில மீண்டும் கரைக்கே திரும்பின. வல்லுநர் உதவி ஏன் தேவை என்பதை அது காட்டியது.

செத்துக் கிடந்தாலும் தகவல் சொல்வது அவசியம். இடம், தேதி, நேரம், பக்கவாட்டிலிருந்து எடுத்த தெளிவான படம் ஆகிய நான்கும் போதும். ஆய்வாளருக்கு அது ஒரு முழுப் பதிவு. அதை எடுத்து அனுப்பும் பள்ளி மாணவருக்கோ அதுவே இத்துறையில் முதல் வேலை.